குடல் கொட்டிய பள்ளம்

ஜெகதீஸ்வரி அக்கா ஒரு கிடாயை விழுத்தி, உரித்து, பங்கு போட்டு முடிக்க முக்கால் மணித்தியாலம் போதும். கனடாவில், மொன்றியலின் லாசாலில் ஒரு கோழித் தொழிற்சாலையில் எட்டு வருடம் நின்ற கை அது. ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் தொடை வேறு நெஞ்சு வேறு என்று பிரித்துப் பழகியவருக்கு, அசையாமல் தொங்குகிற ஆடு ஒரு வேலையே இல்லை. கழுத்தில் கத்தி வைக்கும்போது மட்டும் நிதானிப்பார். ஆட்டின் கண்ணை இடது கையால் பொத்திக்கொண்டு வலது கையால் ஒரே இழுவை. சட்டியில் இரத்தம் விழும் சத்தம் நிற்கும்வரை பொத்திய கையை எடுக்கமாட்டார்.

அவர் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்து ஆள். என் ஊரும் அங்கிருந்து ஏழு கட்டைதான். 2009 மாசியில் ஒன்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனவர். போகிற வழியில் ஒன்றிரண்டாக ஷெல்லுக்குக் கொடுத்து, மிஞ்சிய கடைசி மறியை, ஒரு பெட்டை ஆட்டை, பதுங்குகுழிக்குள் வைத்துத் தானே அறுத்து, பதினாறு குடும்பத்துக்குப் பங்கு போட்டார். இதை அவர் கதையாகச் சொன்னதில்லை. "அண்டைக்கு ஒரு பங்குக்கு நாலு துண்டு வந்தது" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான்.

பிறகு மொன்றியலில் டாக்சி ஓடிக்கொண்டிருந்த ஸ்ரீதரன் அண்ணை அவரைக் கட்டிக் கூப்பிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னர் ஒரு புரட்டாசியில் அண்ணை மாரடைப்பில் போனார். அக்கா தொழிற்சாலையை விட்டார். லாசால் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, மெர்சியே பாலம் தாண்டி ஒரு மணித்தியால ஓட்டத்தில், அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, காட்டோரமாக ஒரு பழைய மாட்டுக்கொட்டிலும் பதினெட்டு ஏக்கர் நிலமும் ஒரு சின்ன வீடும் வாங்கினார். ஆறு மறியோடு தொடங்கினார். நான் சொல்லப்போகும் இலையுதிர் காலத்தில் அது இருபத்திநாலு. இருபத்திநாலும் சினை, மார்கழியில் ஈனவேண்டியவை. கிடாய்கள் வரும், போகும். அந்த மறிகள்தான் பண்ணை. அவை போனால் திரும்பவும் தொழிற்சாலைப் பெல்ட்டுக்கு முன்னால் போய் நிற்கவேண்டியதுதான் என்று அக்கா சிரிக்காமலே சொல்வார்.

அந்தக் கீழ்த்தளத்துக்கு வாடகைக்கு வந்தவன் நான், கீர்த்திகன். எங்கள் பரம்பரையில் பட்டம் எடுத்த முதல் ஆள். கிளிநொச்சியில் விவசாய பீடம் முடித்து மேற்படிப்புக்கு இங்கே வந்தேன். வெள்ளி பின்னேரம் பண்ணைக்குப் போனால் ஞாயிறு திரும்புவேன்.

சனி காலை எட்டரைக்குக் கார்கள் வரும். வில்லரே, புரோசார்ட், லாசால் என்று எல்லாப் பக்கத்தாலும். ஆட்களைச் சேர்த்து அனுப்புவது அக்காவின் தம்பி றஜிந்தன் அண்ணை. வில்லரேயில் இருக்கிறார், வாட்ஸப்பில் பங்குக்குப் பெயர் எடுப்பார். பங்கு என்றால் எல்லாருக்கும் எல்லாம். மேசையில் பொலித்தீன் விரித்துப் பத்துக் குவியல் வைத்து, ஒவ்வொன்றிலும் இறைச்சி, எலும்பு, ஈரல், கொழுப்பு என்று அக்கா தன் கையாலேயே போடுவார். தலைக்கு மட்டும் சீட்டுக் குலுக்குவார்கள். இரத்தத்தை வறைக்கென்று யாராவது கேட்டு வாங்குவார்கள். குடலை மட்டும் யாரும் தொடுவதில்லை. ஊரில் குடலுக்குத்தான் சண்டையே வரும்.

"எனக்கு வேண்டாம் ஈஸ்வரி," என்பார் புரோசார்ட்டிலிருந்து வரும் தாட்சாயினி அக்கா. "அப்பார்ட்மெண்ட் குசினிக்குள்ள குடல் கழுவினால் மனிசன் என்னை விட்டிட்டுப் போயிடும்."

"போனால் நிம்மதியாய்ச் சமைச்சுத் தின்னலாமே."

குடலையும் இரைப்பையையும் தோலையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டிலுக்குப் பின்னால், சீடர் மரங்களைத் தாண்டியிருந்த பள்ளத்தில் கொட்டுவது என் வேலை. மண் போட்டு மூடுவதில்லை. ஊரில் யாரும் மூடியதில்லை, நாயும் காகமும் முடித்துவிடும். இங்கும் அடுத்த சனி போய்ப் பார்த்தால் பள்ளம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். நரியும் காகமும் என்று நினைத்தோம். விவசாய பீடத்தில் கழிவகற்றல் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் எனக்கு ஏ.

இப்படிப் பண்ணையில் அறுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க இங்கே அனுமதி இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

புரட்டாசி பிறந்தது. ஸ்ரீதரன் அண்ணை இறந்த வருடத்திலிருந்து புரட்டாசி முழுவதும் அக்கா கத்தி தொடுவதில்லை. சனிக்கு எள்ளெண்ணெய் எரிப்பார், ஒருநேரம் சோறு. வாங்குகிறவர்களும் அநேகமானோர் விரதகாரர்தான். நல்லூர்க் கொடியேறும் காலத்தில்கூடப் பங்கு குறையுமே தவிர நிற்காது. புரட்டாசியில் முழுவதுமாக நின்றுவிடும். தள்ளுவண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

இரண்டாவது சனி பின்னேரம் மறிகளைக் கொட்டிலுக்குள் விடும்போது ஒன்று குறைந்தது. வேலியோரமாகப் போனோம். புல்லில் எதையோ இழுத்துக்கொண்டு போன தடம், நடுவில் மெல்லிய இரத்தக் கோடு. சீடர் மரத்தடியில் மேப்பிள் இலைகள் குவிந்து கிடந்தன. அந்த மரத்தடியில் மேப்பிள் இலை இருக்க நியாயமில்லை. அக்கா காலால் குவியலைத் தட்டினார். உள்ளேயிருந்து மறியின் முகம் வந்தது, கண் திறந்தபடி. விலா எலும்புகள் ஒரு பக்கம் கத்தரித்த மாதிரி அறுபட்டிருந்தன. ஈரலும் இருதயமும் இல்லை. பின்னங்கால் இரண்டும் தொடப்படாமல் இருந்தன. வயிற்றிலிருந்த இரண்டு குட்டிகளும் இலையோடு ஒட்டிக்கொண்டு வெளியே கிடந்தன. மயிர்கூட முளைக்காத குட்டிகள்.

"கொயோட்டி," என்றேன். "இங்க இதுகள்தான் ஆடு பிடிக்கிறது."

அக்கா குந்தியிருந்து மறியின் கழுத்தைத் திருப்பினார். பிடரியில் நான்கு ஓட்டை. முதுகில் நீளக் கீறல்கள், தோலைத் தாண்டிச் சதைக்குள் போனவை.

"நாய்ச் சாதி காலில கடிச்சு இழுத்து விழுத்தும். இது முதுகில ஏறிப் பிடரியைக் கடிச்சிருக்கு. திண்டிட்டு மூடியும் வச்சிருக்கு. இது பூனைச் சாதி, தம்பி."

"அக்கா, கூகர் எண்ட மலைச்சிங்கம் இந்தப் பக்கம் இல்லை. நான் வாசிச்சிருக்கிறன். கடைசியாய் இருந்ததெல்லாம் நூறு வருசத்துக்கு முந்தி."

"நீ வாசிச்சதை இதுவும் வாசிச்சிருக்க வேணுமே," என்றார்.

பக்கத்துக் காணிக்காரர் றெஜான். எழுபது வயது, மேப்பிள் பாணி காய்ச்சுகிறவர், கார்த்திகையில் மான் வேட்டைக்குப் போகிறவர். அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். ஈரமண்ணில் ஒரு பாதத்தடம் இருந்தது. என் உள்ளங்கையளவு, நகம் பதியாத வட்டத் தடம். கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இங்கே இல்லை என்பார்கள், மதாம் ஜெகா," என்றார் பிரெஞ்சில். "என் தகப்பன் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னபோது குடித்திருக்கிறான் என்றார்கள். அவன் குடிக்காத ஒரே நாள் அது." பிறகு, "வனவிலங்கு அலுவலர்களைக் கூப்பிடுங்கள். வேண்டுமானால் நான் துவக்கோடு காவல் இருக்கிறேன். ஆனால் சுட்டால் சொல்லவேண்டும். சொல்லாமல் புதைக்கிற வேலைக்கு நான் வரமாட்டேன்," என்றார்.

அக்கா தொலைபேசியை எடுத்தார். முதலில் தம்பிக்குத்தான் எடுத்தார். சத்தமாய்ப் போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது.

"உனக்கென்ன விசரே அக்கா," என்றார் றஜிந்தன் அண்ணை. "அவையள் வந்தால் ஆட்டை மட்டுமே பாப்பினம்? ஆடு தொங்கவிடுற கொழுவி, மேசை, பின்னால பள்ளம், எல்லாம் பாப்பினம். தீபாவளிக்கு நாப்பது பங்கு சொல்லி இருக்குதுகள். ஒரு ஆடு தானே போனது."

"ஒரு ஆடு இல்லையடா. மூண்டு."

"எப்பிடி மூண்டு?"

"வயித்துக்குள்ள ரெண்டு."

"தீபாவளி முடியட்டும். பேந்து கூப்பிடுவம். மற்றது, ஃபோனில புலி கிலி எண்டு கதைக்காத. ஆரும் கேட்டால் வேற விதமாய் விளங்கிக்கொள்ளுவினம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததோடு அந்தக் கதை முடிந்தது. அலுவலர்களைக் கூப்பிடவில்லை. மறிகளை வெளியே விடாமல் கொட்டிலுக்குள்ளேயே வைத்துத் தீன் போட்டார். பீமனை வாசலில் கட்டாமல் விட்டார். பீமன் காவலுக்கென்று வாங்கிய வெள்ளை நாய், நாலரை அடி நீளம். அதன் மயிருக்குள் கையை விட்டால் மணிக்கட்டுவரை மறையும்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் விடுமுறை வாரம் வந்தது. பண்ணையிலேயே நின்றேன்.

செவ்வாய் விடியற்காலை ஆறரைக்குச் சாணியள்ளப் போனபோது பீமன் கொட்டில் வாசலில் படுத்திருந்தது. வயிற்றுப் பக்கம் மயிர் சிவப்பாக இருந்தது. கிட்டப் போன பிறகுதான் வயிறே இல்லையென்று தெரிந்தது. அதன் வாய்க்குள் மண்நிற மயிர் ஒரு பிடி இறுகிக் கிடந்தது. இரவு அடித்த காற்றில் எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

பின்பக்க யன்னல் பலகை உள்ளே விழுந்திருந்தது. கொட்டிலுக்குள் ஓர் ஆடும் கத்தவில்லை. உயிரோடு இருந்தவை எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. தரையில் ஏழு. மூன்று செத்துவிட்டன. நான்கு சாகவில்லை. ஒன்றுக்குக் கீழ்த்தாடை கிழிந்து தொங்கியது. ஒன்று எழும்ப முயன்று முயன்று முன்காலில் மட்டும் நின்றது, பின்பக்கம் வரவில்லை. ஒன்றன் குரல்வளைக்குள்ளால் மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் சிவப்பு நுரை. நாலாவதின் முதுகுத் தோல் சட்டையைக் கழற்றின மாதிரிப் பக்கவாட்டில் கிடந்தது. மூன்றைத் தவிர வேறொன்றையும் அந்த மிருகம் தின்னத் தொடங்கவேயில்லை. வெளியே ஓடமுடியாத ஆடுகள் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்வரை அது கடித்துக்கொண்டேயிருந்திருக்கிறது.

அக்கா வந்தார். வாசலில் நின்று நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கத்தியை எடுத்துக்கொண்டு வா."

"அக்கா, புரட்டாசி."

"தெரியும். போய் எடுத்துக்கொண்டு வா."

ஒவ்வொன்றுக்கும் குந்தியிருந்து இடது கையால் கண்ணைப் பொத்தினார். தாடை கிழிந்ததற்குப் பொத்த இடம் தேடவேண்டியிருந்தது. நாலும் முடிய ஐந்து நிமிடம் எடுத்திருக்காது. சட்டி வைக்கவில்லை. இரத்தம் வைக்கோலுக்குள் போய் எங்கள் பூட்ஸைச் சுற்றி வந்தது. கடைசி மறி போன பிறகும் அதன் வயிறு உள்ளேயிருந்து இரண்டு தரம் உதைத்தது. அக்கா அந்த இடத்தில் கையை வைத்து, அது நிற்கும்வரை வைத்திருந்தார்.

குசினிக்கு வந்து முழங்கைவரை கழுவினார். சுவரில் கோயில் கலண்டர் தொங்கியது, புரட்டாசிச் சனிகளுக்கு அவரே பேனையால் வட்டம் போட்டிருந்தார். துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"தம்பி, இஞ்ச வா. பங்கு நிண்டது எப்ப?"

"முதல் சனி."

"மறி போனது?"

"அடுத்த சனி."

"வருசம் முழுக்கச் சனிக்குச் சனி குடல் கொட்டினது ஆர்?"

நான் பூட்ஸை மாட்டினேன்.

பள்ளத்துக்குப் போய்ப் பார்த்தேன். தள்ளுவண்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியே பார்க்காமல் வரும் இடம் அது. அன்றைக்குத்தான் சரிவில் இறங்கினேன். மறுகரையில் காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை ஒன்று, நடந்து நடந்து புல் செத்துப் போயிருந்தது. பாறைக்குக் கீழே ஆட்டு மயிரும் எலும்புத் துணுக்கும் கலந்த காய்ந்த எச்சம், பழையதும் புதியதுமாக. நரியின் எச்சம் விரல் மொத்தம்தான் இருக்கும். இது அப்படியில்லை. அந்தச் சீவனுக்கு நாங்கள் கிழமைக்கொரு தரம் படையல் வைத்திருக்கிறோம். பிறகு விரதமென்று நிறுத்திவிட்டோம்.

மத்தியானம் றஜிந்தன் அண்ணை காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொட்டிலைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தியெடுத்தார். குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்த பிறகு கலண்டர் கதையைச் சொன்னேன்.

"அப்ப போடுவம்," என்றார். "பசியெண்டுதானே வருது. கோழிக் கழிவு நான் கொண்டு வாறன். பள்ளத்தில கொட்டு. தீபாவளி மட்டும் சமாளிச்சால் காணும்."

"தீபாவளிக்குப் பிறகு?"

"பேந்து யோசிப்பம்."

"உனக்கு எல்லாம் பேந்து," என்றார் அக்கா. "பள்ளத்தில கிடந்ததைத் தின்னேக்குள்ள அதுக்குக் கொட்டில் தெரியாது. இப்ப தெரியும். இனி நீ விருந்துச்சோறே போட்டாலும் அது உள்ளுக்குத்தான் வரும்."

"கூப்பிட்டால் எல்லாம் போச்சு, அக்கா. பூட்டுவாங்கள். அஞ்சு வருசமாய் நான் சேர்த்த ஆக்கள்."

"நீ ஆக்களைச் சேர்த்தாய். நான் மறியைச் சேர்த்தன்." என்னைப் பார்த்தார். "தம்பி, ஃபோனை எடு. எல்லாத்தையும் சொல்லு. பள்ளத்தையும் சொல்லு."

றஜிந்தன் அண்ணை காரில் ஏறினார். ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, "பட்டதாரி, நல்லாய்ப் பிரெஞ்சு கதைச்சுக் குடும்பத்தைக் காட்டிக்குடு," என்றார்.

தொலைபேசியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார். வியாழன் காலை வருவதாகச் சொன்னார். அடித்த இடம் கலையாமல் இருந்தால் என்ன மிருகம் என்று பார்க்க இலகு என்றார், முடிந்தால். அந்த 'முடிந்தால்' எனக்குப் பெரிதாகப் படவில்லை. அக்கா ஏழையும் இழுத்துக் காட்டோரம் போடவேண்டும் என்றார். நான் கூடாது என்றேன். ஆதாரம் என்றேன். இல்லாத மிருகம் என்று நாளைக்கு அவர்களும் சொல்வார்கள், அப்போது என்ன செய்வது என்று படித்தவனுடைய குரலில் கேட்டேன்.

"புலி தான் அடிச்சதுக்குத் திரும்பி வரும்," என்றார் அக்கா. "நாங்கள் ஊரில கண்டதுதானே."

"யன்னலுக்குத் தடிச்ச பலகை அடிச்சிட்டன். வரேலாது."

அவர் களைத்திருந்தார். விட்டுவிட்டார். உயிரோடிருந்த பதினாறையும் கொட்டிலின் முன்பக்கத்துக்கு மாற்றி, நடுவிலிருந்த இரும்புப் படலையைச் சாத்தினோம். செத்தவை பின்பக்கம் கிடந்தன. மேல்தட்டில் வைக்கோல் ஏற்றுகிற துவாரத்தை நான் நினைக்கவில்லை.

புதன் காலை, முகம் தெரிகிற வெளிச்சம் வந்திருந்தது. அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கதறல் வந்து பாதியில் நின்றது. கோப்பையை வைத்த சத்தம் கேட்டது. நான் பூட்ஸுக்குள் கால் நுழைப்பதற்குள் அவர் முற்றத்தைத் தாண்டிவிட்டார். வாசலில் சாத்தியிருந்த வைக்கோல் குத்தும் இரும்பு முள்ளு அவர் கையில் இருந்தது.

அது படலைக்கு இந்தப் பக்கம் பாய்ந்திருந்தது. ஒரு மறியின் குரல்வளையைக் கவ்விக்கொண்டு சுவரோரம் நின்றது. மண்நிறம், கரிய நுனியுள்ள நீள வால். நான் நினைத்ததைவிட மெலிவு, விலா எலும்பு எண்ணலாம். மறியின் பின்னங்கால்கள் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தன. மற்றவை எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலால் வெளியே ஓடின. ஒன்று என்னை விழுத்தி என் நெஞ்சில் மிதித்துப் போனது.

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கியிருந்தால் அது ஓடியிருக்கும். பிறகு பலர் அப்படித்தான் சொன்னார்கள். அக்கா ஒதுங்கவில்லை. நேரே போய் முள்ளை அதன் தோளில் இறக்கினார்.

அது மறியை விட்டது. சத்தம் போடவில்லை. முள்ளுக் காம்பு முறிய, அப்படியே திரும்பி அவர்மேல் வந்தது. அக்கா இடது கையைக் கழுத்துக்குக் குறுக்கே கொடுத்தார். அது முன்கையைக் கவ்வியது. இரண்டு பேரும் வைக்கோலில் விழுந்தார்கள். அதன் பின்னங்கால்கள் அவருடைய வயிற்றைத் தேடின. தடித்த குளிர்ச்சட்டை கிழிந்து பஞ்சு பறந்தது, பிறகு பஞ்சு சிவப்பாக வந்தது. எலும்பில் பல் படும் சத்தத்தை நான் கேட்டேன்.

என் கையில் ஒன்றுமில்லை. சாணி வழிக்கும் சவள் பக்கத்தில் கிடந்தது. எடுத்து அதன் முதுகில் அடித்தேன். மூன்றாவது அடிக்கு அது கையை விட்டுப் பின்வாங்கி, படலைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மூலைக்குள் போனது. படலையின் கொக்கியைக் கழற்றி, முழுப் பாரத்தையும் போட்டு அதன்மேல் தள்ளினேன். இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் அதன் இடுப்பு அகப்பட்டது. முன்பக்கம் வெளியே நின்று காற்றைக் கீறியது. ஒரு கோரைப்பல் முறிந்திருந்ததைக் கண்டேன். பீமனுடைய வேலையோ என்னவோ.

"விடாத," என்றார் அக்கா. எழும்பிவிட்டார். "அமத்திப் பிடி."

"அக்கா, றெஜானைக் கூப்பிடுவம். துவக்கு இருக்கு."

"அதுக்கிடையில உன்ர கை விட்டிடும்."

நேற்றைய கத்தி தூணில் செருகியபடி இருந்தது. எடுத்துக்கொண்டு பக்கவாட்டாக வந்தார். அது ஒருமுறை அடித்தது, காதோரம் தலைத்தோல் திறந்தது. அவர் நிற்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த இடது கையை முழங்கையால் மடித்து அதன் தலையைச் சுவரோடு அழுத்தினார். கண் பொத்துப்பட்டது. வலது கையால் இழுத்தார். ஒரு இழுவை போதவில்லை, அந்தத் தோல் ஆட்டுத் தோல் இல்லை. மூன்று தரம் இழுத்தார். படலைக்கூடாக அதன் உதைப்பு என் தோளுக்கு வந்துகொண்டேயிருந்தது. நெடுநேரம் வந்தது. நின்ற பிறகும் அக்கா கையை எடுக்கவில்லை.

"ஆடுகள் எங்க?" என்றார்.

"வெளியில."

"எண்ணு."

பதினைந்து இருந்தன.

றெஜான் தன் பிக்கப்பில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். கையிலும் வயிற்றிலும் தலையிலுமாக எண்பத்தொரு தையல். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார்கள். வியாழன் காலை அலுவலர்கள் இரண்டு பேர் வந்தபோது, வேண்டாமென்று டொக்டர் சொன்னதையும் கேளாமல் அக்கா பண்ணையில் நின்றார். வந்தவர்கள் மரியாதையான ஆட்கள். அது இளம் ஆண், தூர இடத்திலிருந்து நடந்து வந்திருக்கவேண்டும், மயிரைச் சோதனைக்கு அனுப்புவோம் என்றார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னரே அக்கா அவர்களைச் சீடர் மரங்களுக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போனார். தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில், "நாங்கள் போட்டோம். அது சாப்பிட்டது. நாங்கள் நிறுத்தினோம்," என்றார். எழுதிக்கொண்டார்கள். பங்கு அன்றோடு முடிந்தது. இனி ஆட்டை உயிரோடு அனுமதியுள்ள இறைச்சிக்கூடத்துக்குத்தான் அனுப்பலாம். பள்ளத்தை மூட மூன்று நாள் மண் வெட்டினேன். எனக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் பதினைந்து மறிகளும் கொட்டிலுக்குள் போகமாட்டோம் என்று நின்றன. கழுத்தில் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு மூத்திரம் பெய்தன. தரையைச் சுரண்டி மண்ணை மாற்றினேன். சுண்ணாம்பு அடித்தேன். அக்கா சாம்பிராணி போட்டார். அந்த மணம் எங்களுக்குப் போய்விட்டது, அவற்றுக்குப் போகவில்லை. வீட்டுப் பக்கச் சுவரோரம் தார்ப்பாயின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இரண்டு இருமத் தொடங்கின. தீபாவளியன்று பின்னேரம் பனிமழை என்று வானொலி சொன்னது. நனைந்து விறைத்தால் சினை கலையும்.

தீபாவளி காலை எட்டரைக்குக் கார்கள் வந்தன. பதினேழு எண்ணினேன். றஜிந்தன் அண்ணை யாருக்கும் பங்கு இல்லை என்று சொல்லியிருக்கவில்லை. அக்காவை நேரில் கண்டு ஆட்கள் கேட்டால் மனம் மாறுவார் என்று நினைத்திருக்கலாம். அக்கா கையைத் தூக்குத்துணியில் தொங்கவிட்டபடி வெளிப்படலைக்குப் போனார்.

"பங்கு இல்லை. இனியும் இல்லை. போயிட்டு வாங்கோ."

"என்ன ஈஸ்வரி, நல்ல நாளதுவுமாய்," என்றார் தாட்சாயினி அக்கா. "வீட்டில சட்டி அடுப்பில. கிடாய் நிக்குதுதானே, எனக்குத் தெரியுதே. இண்டைக்கு மட்டும்."

"நிக்குது. அது நிக்கட்டும்."

"அவையளுக்கு ஆர் சொல்லப் போயினம்?"

"நான்தான் சொன்னனான்," என்றார் அக்கா.

யாரோ ஓர் ஆள் காருக்குள்ளிருந்து, பெண்டாட்டிக்குக் கேட்கிற மாதிரி, அந்த மனுசிக்குத் தலையிலயும் அடிபட்டிட்டுது என்றார். கார்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பின்னுக்குப் போய்த் திரும்பின. றஜிந்தன் அண்ணை கடைசியாக நின்றார்.

"எனக்கு வில்லரேயில முகம் இல்லாமல் பண்ணிப்போட்டாய்."

"வா, மறியளை உள்ளுக்குக் கலைக்கக் கை தா."

அவர் அக்காவுடைய கையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், பிறகு கொட்டிலைப் பார்த்தார். காரில் ஏறிப் போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு வானம் தாழ்ந்தது. முதல் துளிகள் தார்ப்பாயில் பட்டு நெல் கொட்டிய மாதிரிச் சத்தம் போட்டன. அக்கா என்னிடம் ஒரு கட்டு வைக்கோலைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் அவிழ்க்கச் சொன்னார். அந்த மூலையில், சுவரில் இன்னும் கறை தெரிகிற இடத்தில், வைக்கோலைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக் காலை நீட்டினார்.

"நீ வெளியில நில். கலைக்காத. கதவை மட்டும் பிடி."

"அக்கா, குளிருது. காயம்."

"கதவைப் பிடி எண்டனான்."

"பா, பா" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவுமில்லை. அசையாமல் இருந்தார். ஒரு மணித்தியாலம் போனது. கதவுக் கட்டையில் என் விரல்கள் ஒட்டிக்கொண்டன. மறிகளின் முதுகு மயிரில் பனி உறைந்து மணி மணியாகத் தொங்கியது. இருமுகிற இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்று மணியளவில், முதல் ஆறில் மிஞ்சியிருந்த மூத்த மறி சுவரோரத்தை விட்டு வந்தது. வாசற்படியில் நின்று உள்ளே மணந்தது. பின்வாங்கியது. திரும்ப வந்தது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நெடுநேரம் நின்றது. அக்கா கண்ணை மூடியிருந்தார். நித்திரையோ என்று நினைத்தேன்.

மறி உள்ளே போய் அவருடைய கட்டுப்போட்ட கையை மணந்தது. பிறகு அவர் தொடைக்குக் கீழிருந்த வைக்கோலை ஒரு வாய் இழுத்தது. அவர் தொடையை நகர்த்திக் கொடுத்தார். அடுத்தது வந்தது. அதன் பின்னால் மூன்று சேர்ந்து வந்தன. இருமியவை கடைசியாக வந்தன.

நான் எண்ணிக் கதவைச் சாத்தினேன்.

"பதினைஞ்சும் உள்ளுக்கு, அக்கா."

"ரெண்டு வாளி தண்ணி கொண்டு வா," என்றார் இருட்டுக்குள்ளிருந்து. "சுடுதண்ணி கலந்து."